பூட்டுவதற்கு முன்னால் சாவி: வீட்டுக் கணினியின் லாகின் திரையை நான் சரிசெய்த விதம்

எங்கள் வீட்டுக் கணினி கூடத்தில், டிவிக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. திண்டுக்கல்லில் நாலைந்து கடைகளுக்கு நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன்; பில் பதிவு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் அதில்தான். மகன் ஒன்பதாம் வகுப்பு. ப்ராஜெக்ட் என்று சொல்லி உட்காருவான், ஐந்து நிமிடத்தில் கார் பந்தயச் சத்தம் கேட்கும். அத்தைக்கு மாலையானால் யூடியூபில் பக்திப் பாடல். இவர் ரயில் டிக்கெட் எடுக்க வருவார். இத்தனை பேருக்கும் ஒரே பெயர், ஒரே திரை, பாஸ்வேர்டே கிடையாது. இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

ஒரு மாதம் 20ஆம் தேதி ரிட்டர்ன் போட வேண்டும். 19ஆம் தேதி இரவு திறந்தால், ஒரு கடையின் கொள்முதல் எக்செல் கோப்பைக் காணவில்லை. கேமுக்கு இடம் போதவில்லை என்று பையன் 'பழசையெல்லாம்' அழித்திருக்கிறான். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டான், சுத்தமான பிள்ளை. இரவு இரண்டு மணி வரை பில்களைத் திரும்ப அடித்தேன். மறுநாள் காலையில் வந்த கோபத்தில் கணினிக்குப் பூட்டுப் போட்டேன். அடுத்த வாரமே அந்தப் பூட்டுக்கு வெளியே நானே நின்றேன். அதைப் பிறகு சொல்கிறேன். பூட்டுக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு, மாற்றுச் சாவி இல்லாமல் பூட்டியது என் தப்பு.

அதனால் சாவியிலிருந்தே தொடங்குகிறேன். என்னுடையது விண்டோஸ் 11 ஹோம். கணக்கு என்ற சொல் எனக்குத் தொழில் என்பதால், விண்டோஸ் 'அக்கவுண்ட்' என்பதை இங்கே யூசர் என்றே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் (மின்னஞ்சலோடு மைக்ரோசாஃப்டிடம் பதிந்த இணைய அக்கவுண்ட்; இதை மட்டும் அக்கவுண்ட் என்றே எழுதுகிறேன்) இப்போது கையில் இருக்கும் போன் நம்பர்தான் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிம் நம்பர் இருந்தால் மீட்புக் குறியீடு அந்த நம்பருக்கே போகும். பின் நம்பர் மறந்தால் லாகின் திரையிலேயே 'ஐ ஃபர்காட் மை பின்' என்று இருக்கும். அதற்கு இணையமும் மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டும் வேண்டும். பின் நம்பர் வந்த பிறகு பாஸ்வேர்டை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? எழுதி வையுங்கள்.

இரண்டாவது, ரெக்கவரி கீ. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆன் என்று இருந்தால் உங்கள் டிஸ்க் முழுவதும் குறியாக்கப்பட்டிருக்கிறது. புதிய கணினிகளில் நாம் கேட்காமலேயே ஆன் ஆகியிருக்கும். ஒருநாள் மதர்போர்டு மாற்றினாலோ கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் யாராவது கை வைத்தாலோ நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கும். என் அண்ணன் வீட்டுக் கணினி சர்வீஸுக்குப் போய்த் திரும்பியபோது இதுதான் நடந்தது. கடைக்காரர் தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கையை விரித்துவிட்டார். அந்த எண் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்தில் 'டிவைசஸ்' பகுதியில் இருக்கிறது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. நான் அச்செடுத்து ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்தேன். அதை அந்தக் கணினியிலேயே சேமித்து வைப்பதில் பயனில்லை.

மூன்றாவது சாவி, இன்னொரு அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது கணினியின் அமைப்புகளை மாற்ற முழு அதிகாரம் உள்ள யூசர். என் யூசர் கெட்டுப்போனால் உள்ளே நுழைய வேறு ஒரு வழி வேண்டும். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், 'அதர் யூசர்ஸ்', 'ஆட் அக்கவுண்ட்' என்று போங்கள். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் 'ஐ டோன்ட் ஹேவ் திஸ் பர்சன்ஸ் சைன்-இன் இன்ஃபர்மேஷன்' என்பதைத் தட்டி, அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். பெயர், பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். அப்புறம் அந்தப் பெயரை விரித்து, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்'பில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிடுங்கள். இவர் பெயரில் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன்.

பாஸ்வேர்டு வைத்தால் மூன்று பாதுகாப்புக் கேள்விகளும் கேட்கும். பிறந்த ஊர், முதல் பள்ளிக்கூடம், சிறு வயதுச் செல்லப்பெயர் என்று இருக்கும். இதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாதா? இவருடைய செல்லப்பெயரை அத்தை தெருவே கேட்கும்படி கூப்பிடுவார். 'உங்கள் பெற்றோர் சந்தித்துக்கொண்ட ஊர்' என்றும் ஒரு கேள்வி உண்டு. பெண் பார்க்கப் போன ஊரையா, முகூர்த்தம் நடந்த ஊரையா சொல்வது? உண்மையான பதில் தேவையில்லை. சம்பந்தமில்லாத மூன்று சொற்களைக் கொடுத்து, அதையும் ரேஷன் பையில் சேர்த்துவிட்டேன்.

இப்போது பூட்டுக்கு வருவோம். ஆளுக்கொரு யூசர்தான் பாதி வேலை. பையனுக்கு அதே வழியில் ஒன்று, 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆகவே விட்டுவிடுங்கள். கணினி முழுமைக்குமான மென்பொருள் எதையாவது நிறுவப் போனால் அட்மினிஸ்ட்ரேட்டரின் பின் நம்பரைக் கேட்கும். அவன் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். அத்தைக்கும் ஸ்டாண்டர்ட் யூசர்தான், ஆனால் பாஸ்வேர்டு கட்டத்தை வெறுமையாக விட்டேன். பாதுகாப்புக் கேள்வியும் வராது. லாகின் திரையின் கீழ் மூலையில் தன் பெயரைத் தட்டினால் போதும், திறந்துவிடும். பாஸ்வேர்டு இல்லாத யூசரை நெட்வொர்க் வழியாகத் திறக்க விண்டோஸ் விடாது, கணினி முன்னால் உட்கார்ந்துதான் திறக்க முடியும் என்பதால் எனக்கு அதில் பயமில்லை.

ஒரு விஷயத்தில் நான் ஏமாந்தேன். யூசரைப் பிரித்துவிட்டால் என் கோப்புகள் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைத்தேன். சி டிரைவில் என் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் வைத்தவை மட்டும்தான் அப்படி. கணக்குகளை நான் வைத்திருந்தது டி டிரைவில். பையனுடைய யூசரில் நுழைந்து பார்த்தால் எல்லாம் அப்படியே திறக்கிறது, அழிக்கவும் முடிகிறது. டி டிரைவ் பொதுக் கூடம் மாதிரி. அன்றே எல்லாவற்றையும் என் டாகுமென்ட்ஸுக்கு மாற்றினேன்.

பின் நம்பர் இருப்பது அக்கவுண்ட்ஸுக்குள் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' பகுதியில். நாலு இலக்கம் போதும் என்கிறது, போதாது. எண்களோடு எழுத்தும் சேர்க்க விரும்பினால் பின் மாற்றும் பெட்டியிலேயே 'இன்க்ளூட் லெட்டர்ஸ் அண்ட் சிம்பல்ஸ்' என்று ஒரு டிக் உண்டு. பைக் நம்பரும் திருமண நாளும் வேண்டாம். இந்தப் பின் நம்பர் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும், வேறு கணினியில் அதை வைத்து உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்குள் போக முடியாது. அதனால் நீளமான பாஸ்வேர்டை எல்லார் முன்னிலும் அடிப்பதைவிட இது நல்லது.

அதே பக்கத்தில், விண்டோஸ் ஹலோ (பின் நம்பர், முகம், கைரேகை வைத்துத் திறக்கும் முறை) மட்டும் அனுமதிக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆனில் இருந்தால் லாகின் திரையில் பாஸ்வேர்டு அடிக்கும் வழியே தெரியாது. நான் அதை ஆஃப் செய்து வைத்திருக்கிறேன். பின் நம்பர் மக்கர் செய்தால் பாஸ்வேர்டு கை கொடுக்கும்.

கொஞ்சம் கீழே, நீங்கள் எழுந்து போய்த் திரும்பினால் எப்போது மறுபடி கேட்க வேண்டும் என்ற கேள்வி. என் டெஸ்க்டாப்பில் இரண்டே பதில்: ஒருபோதும் வேண்டாம், அல்லது ஸ்லீப்பிலிருந்து எழும்போது. சில மடிக்கணினிகளில் நிமிடக் கணக்கும் வரும். டெஸ்க்டாப்பில் மானிட்டர் மட்டும் அணைந்தால் அது ஸ்லீப் இல்லை, மவுசை அசைத்தால் அப்படியே திறந்துவிடும். இதற்குப் பழைய ஸ்கிரீன் சேவர்தான் மருந்து. செட்டிங்ஸில் 'பர்சனலைசேஷன்', 'லாக் ஸ்கிரீன்', அடியில் 'ஸ்கிரீன் சேவர்'. அதில் 'பிளாங்க்', ஐந்து நிமிடம், 'ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்கிரீன்' என்ற டிக். இந்த அமைப்பு ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி. அத்தைக்கு நான் வைக்கவில்லை. உடனே பூட்ட வேண்டுமென்றால் விண்டோஸ் கீயும் எல் எழுத்தும். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது என் கை தானாக அங்கே போகிறது. ப்ளூடூத்தில் இணைத்த போன் தூரம் போனால் தானே பூட்டும் 'டைனமிக் லாக்' என்றும் ஒன்று உண்டு. சின்ன வீட்டில் அடுக்களை வரை போனாலும் ப்ளூடூத் எட்டுகிறது, எனக்குப் பயன்படவில்லை.

பூட்டிய திரையிலும் விஷயம் கசியும். ஒருமுறை கணினியைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தேன். ஒரு கடைக்காரர் நிலுவைத் தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்ப, கூடத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மச்சானே அதைத் திரையில் படித்துவிட்டார். 'சிஸ்டம்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், மேலே இருப்பதை விரித்து, லாக் ஸ்கிரீனில் காட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள். 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' பக்கத்தின் கடைசியில் மின்னஞ்சல் முகவரியை லாகின் திரையில் காட்டும் சுவிட்சையும் ஆஃப் செய்யலாம். படத்தை மாற்றுவது அவரவர் இஷ்டம். ஆனால் படத்தின் மேல் வரும் 'துணுக்குகள்' வேண்டாமென்றால், 'லாக் ஸ்கிரீன்' பக்கத்தில் 'ஸ்பாட்லைட்' இருக்கும் இடத்தில் 'பிக்சர்' வைத்து, கீழே 'ஃபன் ஃபேக்ட்ஸ்' டிக்கை எடுக்க வேண்டும்.

சரி, நான் வெளியே நின்ற கதை. மழை, மின்வெட்டு, கரண்ட் வந்ததும் கணினியைத் திரும்பப் போட்டேன். பின் நம்பரை அடிக்கிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று இவர் குடையை எடுத்துக்கொண்டு கடைக்கே கிளம்பிவிட்டார். கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) விளக்கு அணைந்திருந்தது, அவ்வளவுதான். வலது பக்க எண் விசைகள் அது எரிந்தால்தான் எண் அடிக்கும். அதற்குள் பாஸ்வேர்டு வழியாகப் போகலாம் என்று பார்த்தால், புள்ளிகள் விழுகின்றன, தவறு என்கிறது. கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினேன்: என் பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்துகள்! நான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பை வைத்திருக்கிறேன், லாகின் திரையும் அதையே எடுத்துக்கொண்டது. வலது கீழ் மூலையில் மொழிப் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாறும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய, முதலில் உங்கள் மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தை மேலே கொண்டு வாருங்கள். பிறகு 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்', 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்குவேஜ் செட்டிங்ஸ்', அதில் 'காப்பி செட்டிங்ஸ்' பொத்தான். 'வெல்கம் ஸ்கிரீன்' என்பதற்கு டிக் போட்டு ஓகே கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். தமிழில் தட்டச்சு செய்கிற எல்லாரும் இதைச் செய்துவிடுவது நல்லது.

பின் நம்பரே கேட்காமல் திறக்கும் வழியையும் சிலர் தேடுகிறார்கள். விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் அழுத்தி, என்-இ-டி-பி-எல்-டபிள்யூ-ஐ-இசட் என்று எட்டு எழுத்தை அடித்தால் ஒரு பழைய பெட்டி வரும். அதில் மேலே இருக்கும் டிக்கை எடுத்து பாஸ்வேர்டு கொடுத்தால் இனி தானாகத் திறக்கும். டிக் கண்ணில் படவில்லை என்றால் நான் சொன்ன ஹலோ சுவிட்ச் ஆனில் இருக்கிறது. தனியாக இருப்பவர் பாட்டு கேட்க மட்டும் வைத்திருக்கும் கணினி என்றால் செய்துகொள்ளட்டும். பிறர் கணக்கு இருக்கும் கணினியில் நான் செய்ய மாட்டேன்.

அதே பெட்டியின் 'அட்வான்ஸ்டு' பகுதியில், லாகினுக்கு முன் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தச் சொல்லும் டிக் ஒன்று உண்டு. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ரீஸ்டார்ட் செய்ய டேவிட் பிராட்லி உருவாக்கிய மூன்று விசை அது. 1993இல் வந்த விண்டோஸ் என்டி அதை லாகினுக்கு எடுத்துக்கொண்டது. வேறு எந்த மென்பொருளும் அதை இடைமறிக்க முடியாது, அதனால் போலி லாகின் திரை வைத்து ஏமாற்ற முடியாது. வீட்டுக்கு இது அதிகம். ஆனால் உள்ளே போன பிறகு அதே மூன்று விசையை அழுத்தினால் லாக், வேறு யூசருக்கு மாறுதல், பாஸ்வேர்டு மாற்றுதல் எல்லாம் ஒரே திரையில் கிடைக்கும்.

எல்லாம் முடித்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு யூசரிலும் நுழைந்து பாருங்கள். நாங்கள் பார்த்தோம். அத்தை தன் பெயரைத் தட்டி ஒரே தடவையில் உள்ளே போனார். பையன் இரண்டு நாள் என் பின் நம்பரை ஊகித்துப் பார்த்திருக்கிறான். பல தடவை தவறினால் விண்டோஸ் ஏ1பி2சி3 என்று அடிக்கச் சொல்லும், வேண்டுமென்றே அடிக்கிறோமா என்று பார்க்க. அதுதான் பின் நம்பர் என்று நினைத்துவிட்டான். மாலையில் நான் வந்து உட்கார்ந்தபோது, கணினியை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லித் திரை காத்திருந்தது. அவன் பக்கத்து அறையில் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்து, ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.