சின்னம்மா டோஸ்ட்

ஏழாவது படிக்கும் என் பேத்தி போன மாதம் ஒரு சாயந்திரம் பையைக்கூட இறக்காமல், "ஆயா, சின்னமன் டோஸ்ட் செஞ்சு குடு" என்றாள். என் காதில் அது சின்னம்மா டோஸ்ட் என்று விழுந்தது. "உங்க சின்னம்மா சுடுதண்ணியே ஒழுங்கா வைக்க மாட்டாளே, அவ எப்போடி டோஸ்ட் போட்டா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சின்னம்மா டோஸ்ட்தான்.

சின்னமன் என்பது நம் இலவங்கப்பட்டை. பிரியாணிக்குத் தாளிக்கும் அதே பட்டை. பிரட்டைச் சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத்தூளும் சேர்ந்த கலவையைத் தடவினால் சின்னமன் டோஸ்ட். அவ்வளவுதான். முட்டை கிடையாது. முட்டையும் பாலும் அடித்து, பிரட்டை அதில் முக்கிப் பொரித்தால் அது பாம்பே டோஸ்ட். வெளிநாட்டில் அதை பிரெஞ்சு டோஸ்ட் என்பார்கள். சின்னமன் ரோல் வேறு, அது மாவை உருட்டி பேக்கரியில் சுடுவது. சவுக்கார்பேட்டைப் பக்கம் இந்தி பேசும் கடையில் வெறுமனே டோஸ்ட் என்று கேட்டால் ரஸ்க்கைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் பேச்சில் இந்தப் பெயர் வந்தால், பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியலாகவும் இருக்கலாம். சின்னமன் டோஸ்ட் க்ரஞ்ச் என்று 1984-லிருந்து அங்கே விற்கிறது.

பண்டம் ஒன்றும் புதிது இல்லை. 1660-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு சமையல் புத்தகத்திலேயே இது இருக்கிறது. ஆனால் அதில் வெண்ணெய் இல்லை, பட்டையையும் சர்க்கரையையும் சிவப்பு ஒயினில் குழைக்கச் சொல்கிறார்கள். பேத்திக்கு அதைப் படித்துக் காட்டவில்லை.

பட்டை வாங்குவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பிரியாணிக்குப் போடுவது பெரும்பாலும் தடித்த பட்டை: மரத்தோல் மாதிரி கெட்டியாக, ஒற்றை மடிப்பாக, காரமாக இருக்கும். டோஸ்டுக்கு சிலோன் பட்டை நல்லது. சுருட்டு மாதிரி மெல்லிய ஏடு ஏடாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கினால் பொடியும், வாசனையில் ஒரு இனிப்பு இருக்கும். தடித்த பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் நிறையச் சேர்த்தால் ஈரலுக்கு ஆகாது. எப்போதாவது ஒரு நாள் என்றால் பயமில்லை. நான் பாரிமுனை போகும்போது கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஐம்பது கிராம் வாங்கி வந்து, வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி, மிக்ஸியில் அரைத்துச் சலித்து வைக்கிறேன். பாக்கெட் தூள் நாளானால் மரத்தூள் மாதிரி ஆகிவிடுகிறது.

முதல் தடவை நான் செய்தது வெட்கக்கேடு. பிரட்டுக்கு வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரையையும் தூளையும் தூவி, தோசைக்கல்லில் அப்படியே கவிழ்த்துவிட்டேன். சர்க்கரை கல்லில் உருகிக் கருகி, வீடெல்லாம் புகை. மறுநாள் காலையில் ஒரு தோசை எழும்பவில்லை. கல்லைத் தேய்த்துப் பழக்க இரண்டு நாள் ஆனது.

வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓவனில் மேலிருந்து சூடு வரும், நமக்கு அடுப்பு கீழேதானே. அதனால் இப்போது இப்படிச் செய்கிறேன். நாலு துண்டு பிரட்டுக்கு இரண்டு டேபிள் ஸ்பூன் வெண்ணெய், அதே அளவு சர்க்கரை, அரை டீஸ்பூன் பட்டைத்தூள். வெண்ணெயை முன்னாடியே வெளியே எடுத்து வைத்து இளக விடுங்கள்; உருக்க வேண்டாம். சர்க்கரையை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. மாவாக அரைத்தால் பல்லில் படும் மொறுமொறுப்பு போய்விடும். உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை உப்பு. மூன்றையும் ஸ்பூனின் பின்பக்கத்தால் குழையுங்கள். பட்டைத்தூள் தண்ணீரில் கரையாது. பேத்தி ஒருநாள் பாலில் போட்டுப் பார்த்தாள், ஏடு மாதிரி மேலேயே மிதந்தது. வெண்ணெயில்தான் அதன் மணம் இறங்கும்.

கல்லை மிதமாகக் காயவைத்து, ஒன்றும் தடவாமல் பிரட்டை ஒரு பக்கம் மட்டும் பொன்னிறமாகச் சுடுங்கள். திருப்பிப் போட்டு, சுட்ட பக்கத்தில் கலவையை ஓரம் வரை தடவுங்கள். தீயைச் சிம்மில் வைத்து, ஒரு தட்டால் லேசாகத் திறந்தபடி மூடுங்கள். முழுக்க மூடினால் ஆவி இறங்கி பிரட் நமுத்துப்போகும். ஒன்றரை நிமிஷத்தில் வெண்ணெய் உள்ளே இறங்கி, சர்க்கரை ஓரங்களில் பளபளக்கும், அடிப்பக்கமும் சிவந்திருக்கும். இறக்கி இரண்டு நிமிஷம் ஆறவிட்டு, குறுக்கே வெட்டிக் கொடுங்கள். பட்டர் பேப்பர் மாதிரி மெல்லிய துண்டு வேண்டாம், பேக்கரியில் பவுண்டு பிரட்டைத் தடியாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

மீந்த கலவையைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். டப்பா மேலே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் வெறும் வெண்ணெய் என்று நினைத்து, அதை எடுத்துக் கறிக்குழம்பு ஊற்றிய தோசைமேல் போட்டுக்கொண்டான். பாதி தின்ற பிறகுதான், "குழம்புல சர்க்கரை போட்டியாம்மா?" என்று கேட்டான்.