சோனாருக்கும் சவுண்ட் மிக்சிங்குக்கும் காதைப் பழக்கறது எப்பிடி

நேவில சோனார் (சத்தத்த வெச்சு தண்ணிக்கடியில கப்பல் எங்கன்னு கண்டுபுடிக்கற கருவி) பக்கம் போகோணும்னு நெனைக்கற பசங்களும் சரி, ஸ்டுடியோல சவுண்ட் இஞ்சினியர் ஆகோணும்ங்கறவங்களும் சரி, "எனக்கு அந்தளவுக்கு காது கூர்மையா இருக்குமாங்க"ன்னுதான் மொதல்ல கேக்கறாங்க. கூர்மைய விட பழக்கம்தானுங்க பெருசு. வாசல்ல கட்டில்ல படுத்துட்டே மோட்டார் சத்தத்த வெச்சு கெணத்துல தண்ணி எறங்கிருச்சுன்னு சொல்ற பெரியவங்க நம்மூர்ல இருக்காங்களே, அவங்க பண்றது பாதி சோனார் வேலை.

பம்புக்கு உறிஞ்சத் தண்ணி பத்தலைன்னா உள்ள அழுத்தம் கொறஞ்சு தண்ணியே ஆவியா குமிழ் கட்டி, அது டப்பு டப்புன்னு ஒடையறப்ப ஜல்லிய போட்டு அரைக்கற மாதிரி கேக்கும், கேவிடேஷன்னு சொல்றது இதத்தான். கப்பல் ப்ரொப்பெல்லர் வேகமா சுத்தறப்பவும் இதே கதைதான். சத்தம் எதுவும் அனுப்பாம சும்மா கேட்டுட்டே இருக்கற பேசிவ் சோனார்ல கப்பல காட்டிக் குடுக்கறதுல இதுக்கு பெரிய பங்கு. வெப்பக் கடல்ல படபடன்னு ஒரு எரைச்சல் இருந்துட்டே இருக்கும், அது கொடுக்க சொடுக்கற ஒரு வகை இறால், அதுவும் குமிழ் ஒடையற சத்தமேதான். ரெண்டையும் பிரிச்சு சொல்லத் தெரியோணும்.

மொதல்ல எண்ணப் பழகுங்க. மூணு ப்ளேடு ப்ரொப்பெல்லர் செகண்டுக்கு 2 சுத்து சுத்துனா 6 அடி கேக்கும், அத எண்ணித்தான் கப்பலோட வேகத்தக் கணிக்கறாங்க. சோமனூர், பல்லடம் பக்கம் இருக்கறவங்க தறிகுடோனுக்குள்ள போகாம ரோட்டோரமா நின்னு, கண்ண மூடி, ஒரே ஒரு தறியோட அடிய மட்டும் புடிச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க, பொறவு அத விட்டுட்டு பக்கத்து தறிக்கு மாறுங்க. இந்த மாறறதுதான் கஷ்டம், அவசரப்படாதீங்க. அப்பிடியே போன்ல ரெக்கார்ட் பண்ணி ஆடாசிட்டிங்கற சவுண்ட் சாஃப்ட்வேர்ல ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வு எப்ப வருதுன்னு காட்டற படம்) போட்டுப் பாத்தா நீங்க எண்ணுனது சரியான்னு தெரிஞ்சுரும். ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ரெக்கார்ட் பண்ணுனா 100 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 100 அதிர்வுல, ஒரு கோடு நிக்கும், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட ரெட்டிப்பு அது. சோனார்காரங்களும் காதால கேக்கறதோட இந்த மாதிரி கோட்டயும் ஸ்க்ரீன்ல பாக்கறாங்க.

ஆடியோ பக்கம் போறவங்களுக்கு ஈக்யூ, அதாவது சத்தத்துல எந்த ஹெர்ட்ஸ ஏத்தறது, எறக்கறதுங்கற வேலை. பிங்க் நாய்ஸ (எல்லா ஹெர்ட்ஸும் கலந்த 'ஸ்ஸ்'ங்கற எரைச்சல்) ஓட விட்டு 125, 250, 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் இதுல ஒண்ண மட்டும் 12 டெசிபல் ஏத்தச் சொல்லி கூட்டாளிகிட்ட குடுங்க, எதுன்னு நீங்க சொல்லோணும். தப்பாம வந்துட்டா 6 டெசிபல், பொறவு 3. கோயில் நோம்பில மைக் கூவறப்ப எந்த ஸ்லைடர எறக்கறதுன்னு தடவிட்டு நிக்காம கை தானா போகும்.

காத பாத்துக்கோங்க. 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அது பாதியாகும், அப்ப 100 டெசிபல்ல 15 நிமிஷந்தான். எரைச்சலால காது போச்சுன்னா பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கந்தான் மொதல்ல அடி வாங்கும், அதனால அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடியே ஒரு ஆடியோகிராம் (காது கேக்கற அளவு டெஸ்ட்) எடுத்து வெச்சுக்கோங்க.

எங்க போறதுன்னா, +2ல கணக்கும் பிசிக்ஸும் எடுத்தவங்க நேவில அக்னிவீர் எஸ்எஸ்ஆர் (+2 முடிச்சவங்கள மாலுமியா எடுக்கற வேலை) பாக்கலாம். சோனார் செய்யற ஆராய்ச்சியில ஆசை இருந்தா கொச்சில டிஆர்டிஓவோட (ராணுவ ஆராய்ச்சி நிறுவனம்) என்பிஓஎல்ங்கற கடல் ஆராய்ச்சி லேப் இருக்குது, அதுக்கு இஞ்சினியரிங் வேணும். நம்ம கோயமுத்தூர்ல இருக்கற ஐஎன்எஸ் அக்ரணி தலைமைப் பயிற்சிக்கானது, சோனாருக்குன்னு அங்க போயி நின்னுராதீங்க. சினிமா சவுண்டுக்கு சென்னை தரமணி எம்ஜிஆர் ஃபிலிம் இன்ஸ்டிடியூட், இல்லாட்டி புனேல இருக்கற எஃப்டிஐஐ ஃபிலிம் இன்ஸ்டிடியூட்.