குட்டிக்கு அப்பா யார்? பூனைக்கு டிஎன்ஏ மாதிரி எடுக்கும் விதம்

போன புரட்டாசியில் எங்கள் பெர்சியன் மல்லிகா மூன்று குட்டி போட்டாள். ஜோடி சேர்த்தது அண்ணா நகர் நண்பர் வீட்டு வெள்ளைக் கடுவனோடு. கார்த்திகைக்குள் இரண்டு குட்டிக்குப் புசுபுசுவென முடி வந்துவிட்டது, மூன்றாவதற்கு வரவில்லை. தாய் தகப்பன் இரண்டுமே நீள முடி என்றால் குட்டை முடிக் குட்டி பிறக்காது. பெரம்பூரில் எங்கள் மாடிச் சுவரில் திரியும் சாம்பல் கடுவன் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரே ஈற்றில் இரண்டு அப்பா இருப்பது பூனைகளில் நடப்பதுதான். அதனால் எல்லாக் குட்டிகளுக்கும், தாய்க்கும், சந்தேகமுள்ள ஒவ்வொரு கடுவனுக்கும் மாதிரி எடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். ஆரஞ்சு நிறம் எக்ஸ் குரோமோசோமில் வருவதால், ஆண் குட்டிக்கு அதைக் கொடுப்பது அம்மா மட்டுமே.

பால் குடிக்கும் குட்டியின் வாயில் தாயின் உயிரணுக்களும் கலந்திருக்கும். ஒரு மணி நேரமாவது பிரித்து வைத்து, பிறகு கன்னத்தின் உட்புறம் பிரஷை உருட்டித் தேயுங்கள். சுவர்க் கடுவனை ஒரு பழைய துண்டில் சுற்றிப் பிடித்தேன். கருவாடு கண்ணில் மட்டும்; வாய்க்குக் கொடுத்தது தேய்த்த பிறகு.

முதல் தடவை ஈர பிரஷைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பினேன். மழைக்காலச் சென்னை வேறு. பூஞ்சை பிடித்து, சோதிக்க முடியாது என்று பதில் வந்தது. ஃபேனுக்கடியில் நன்றாக உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். உறை மேல் பெயரோடு, மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணையும் எழுதுங்கள். சர்வதேச விலங்கு மரபியல் சங்கம் வகுத்த மார்க்கர்களில் (டிஎன்ஏவில் ஒப்பிட்டுப் பார்க்கும் குறிப்பிட்ட இடங்கள்) சோதிக்கிறார்களா என்று ஆய்வகத்தில் முன்பே கேளுங்கள். பின்னால் வேறு ஆய்வக முடிவோடு ஒப்பிட உதவும்.

முடிவில் ஒவ்வொரு மார்க்கருக்கும் இரண்டு எண் இருக்கும். அம்மா 98/104, குட்டி 104/110 என்றால் 104 அம்மா தந்தது, 110 அப்பா தந்தது. வெள்ளைக் கடுவனோ 100/106; அவனிடம் 110 இல்லை. சரி, ஒரு மார்க்கரில் பிசகினால் மரபணு மாற்றமாகவும் இருக்கலாம். பல இடங்களில் பிசகினால் அவன் அப்பா இல்லை. மூன்றாம் குட்டிக்கு அப்படித்தான் ஆயிற்று. சாம்பல்காரன் எல்லா மார்க்கரிலும் பொருந்தினான்.

ஜோடி சேர்த்ததற்கு நண்பருக்கு ஒரு குட்டி தருவதாகப் பேச்சு. விவரத்தைச் சொல்லிவிட்டுத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அவர் மனுஷன் தூக்கிப் போனது அந்தக் குட்டை முடிக்காரனை.