மாடலிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

போன மாதம் வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் பட்டுச்சேலை ஷூட். மேக்கப் அறையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். இடது கையில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். புரொடக்‌ஷன் ஆள் ஒருவர் வந்து இரண்டு பக்கக் காகிதத்தை நீட்டினார். "ரிலீஸ் ஃபார்ம்மா, சும்மா ஃபார்மாலிட்டி." நம் படங்களைப் பயன்படுத்த நாம் எழுதிக்கொடுக்கும் அனுமதிதான் அது. அந்தப் பெண் வலது கையால் அதை வாங்கித் தொடைமேல் வைத்து, முதல் பக்கத்தைப் பார்க்காமலே இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பத்து வினாடிகூட ஆகவில்லை. 2014-ல் நான் செய்த அதே காரியம். அன்றைக்கு இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நேரத்துக்குப் போங்கள், நன்றாகத் தூங்குங்கள், சிரித்த முகமாக இருங்கள் என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். சென்னை விளம்பர வேலையில், குறிப்பாகத் துணிக்கடை, நகைக்கடை ஷூட்களில், புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்ப விழும் பள்ளங்களை மட்டும் சொல்கிறேன்.

பழைய அளவை அனுப்புவது

மாடல்களுக்கு வேலை பிடித்துத் தரும் கோஆர்டினேட்டர் வாட்ஸ்அப்பில் உயரம், அளவு கேட்டதும் போன வருடம் டைப் செய்து வைத்ததை அப்படியே ஃபார்வர்ட் செய்கிறோம். உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டியும் சொல்கிறோம். சேலை ஷூட்டில் இது உடனே மாட்டிக்கொள்ளும். நாம் அனுப்பிய அளவுக்குத்தான் பத்துப் பன்னிரண்டு பிளவுஸ் தைத்து வந்திருக்கும். ஒரு முறை என்னோடு வந்த பெண்ணுக்கு எட்டு பிளவுஸில் ஐந்து பின்பக்கம் மூடவில்லை. முதுகில் பின் குத்திச் சமாளித்தார்கள். அதனால் அவள் நேராக மட்டுமே நிற்க முடிந்தது. முந்தானை தெரிய முதுகு காட்டும் போஸ் எல்லாம் இன்னொரு மாடலுக்குப் போயின. பட்டுச்சேலையில் காசே முந்தானைதான். அந்தப் பெண்ணை மறுபடி அவர்கள் கூப்பிடவில்லை. ஒவ்வொரு முறையும் டேப் எடுத்து அளந்து அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலை.

ஃபில்டர் போட்ட படம்

அனுப்பாதீர்கள். அனுப்பும் படத்தில் வெற்றுச் சுவர், ஜன்னல் வெளிச்சம், மேக்கப் இல்லாத முகம், பின்னால் கட்டிய முடி. நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டில் ஒவ்வொன்று, முழு உருவம் ஒன்று, பல் தெரியச் சிரித்து ஒன்று. மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும்.

மருதாணி

நகைக்கடை ஆடிஷனில் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்ப்பார்கள். மருதாணியும் கலர் நகப்பூச்சும் இல்லாமல் போங்கள்.

உங்கள் முகத்தைக் காலக்கெடு இல்லாமல் எழுதிக்கொடுப்பது

இதைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இன்னும் எனக்கு ஆறவில்லை.

2014-ல் எனக்கு 22 வயது. தென்மாவட்டத்து ஜவுளிக்கடை ஒன்றின் வேலை. போனில் "கேட்டலாக் மட்டும்தான்" என்றார்கள். ஒரு நாள், பதினாறு சேலை, 12,000 ரூபாய். அன்றைக்கு எனக்கு அது பெரிய பணம். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு காகிதம் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். இன்றுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுக்க, காலவரையில்லாமல் இந்தப் படங்களைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். "பெர்பெச்சுவிட்டி" என்றால் என்றென்றைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கேட்க வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

முதல் வருடம் சந்தோஷம்தான். பைபாஸ் ரோட்டில் பெரிய ஹோர்டிங். அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி நின்று போட்டோ எடுத்து அனுப்பினார். அப்புறம் நாள்காட்டி. அப்புறம் கட்டைப்பை. கேட்டலாக்குக்குக் கொடுத்த பணத்தில் இத்தனையும்.

2017-ல் ஒரு பெரிய பட்டு நிறுவனத்துக்கு இரண்டு சுற்று ஆடிஷனும் லுக் டெஸ்ட்டும் முடிந்து தேர்வானேன். ஒரு வருட ஒப்பந்தம், இரண்டரை லட்சம். அந்த ஒரு வருடம் வேறு எந்தச் சேலைக்கடை விளம்பரத்திலும் என் முகம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. லாக் ஆக, அதாவது உறுதியாக வேண்டிய நாளில் விளம்பர ஏஜென்சியிலிருந்து போன். "மேடம், நீங்க வேற கடை பையில இருக்கீங்களே. கிளையன்ட் கையிலயே அந்தப் பை இருக்கு." யாரோ ஊரிலிருந்து அதில் பலகாரம் போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த படம் என்று எவ்வளவோ சொன்னேன். வேலை போய்விட்டது.

அந்த ஜவுளிக்கடைக்குப் போன் செய்தேன். மேனேஜர் மரியாதையாகவே பேசினார். "நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களேம்மா" என்றார். அவர் சொன்னது சரி. எனக்குத் தெரிந்த வக்கீலும் அதையேதான் சொன்னார். 1957-ம் வருடக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். படத்தில் இருப்பவருக்கு அந்தக் காப்புரிமையில் பங்கில்லை. பெரும்பாலும் அந்தக் காகிதம்தான் நமக்குப் பிடிமானம். அதை நான் படிக்கவே இல்லை.

போன பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை ஆணியில் அந்தப் பை தொங்குகிறது, உள்ளே சின்ன வெங்காயம். என் கன்னத்தின் குறுக்கே மடிப்பு விழுந்து, மூக்குத்தி இருந்த இடத்தில் சாயம் உரிந்திருந்தது. பழைய பை என்று நினைத்துக் கேட்டேன். போன தீபாவளிக்கு வாங்கியது என்றார் அத்தை. இன்னும் அச்சடிக்கிறார்கள்.

அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே, போனில் பேசினாலும் பிறகு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் கேளுங்கள். படம் எங்கெங்கே வரும்? பிரிண்ட், ஆன்லைன், ஹோர்டிங், டிவி, பை ஒவ்வொன்றும் தனித்தனி. எந்த மாநிலத்தில்? எத்தனை மாதம்? அந்த மாதக்கணக்கு ஷூட் நாளிலிருந்தா, விளம்பரம் முதலில் வெளியான நாளிலிருந்தா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆடி மாதம் எடுத்து தீபாவளிக்கு வெளியிடும் படத்துக்கு இரண்டு மூன்று மாத வித்தியாசம் வந்துவிடும். காலம் முடிந்த பிறகும் வேண்டுமென்றால் புதுப்பிக்க எவ்வளவு தருவார்கள் என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். மற்ற கடைகளுக்கு நடிக்கக் கூடாது என்றால் அதற்குத் தனிப் பணம் உண்டு. உங்களை வீட்டில் உட்காரவைப்பதற்கான விலை அது.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. படங்களை "மாற்றியமைக்கவும் புதிய வடிவங்கள் உருவாக்கவும்" உரிமை என்று ஒரு வரி வந்தால் நிறுத்திக் கேளுங்கள். ஒரு நாள் எடுத்த முகத்தை வைத்து நீங்கள் உடுத்தவே செய்யாத நூறு சேலைகளுக்கு ஏஐ மூலம் படம் செய்துகொள்ள அந்த ஒரு வரி வழிவிடலாம். இந்த ஷூட்டில் எடுத்த படங்களுக்கு மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறோம். இத்தனை வருடத்தில் கேட்டதற்காக எனக்கு இரண்டு வேலை போயிருக்கிறது. இரண்டும் சின்ன வேலை. கேட்காததால் போனது எவ்வளவு என்று மேலே சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு வடபழனியில் அந்தப் பெண்ணிடம் "என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியுமாடா?" என்றேன். "தெரியாதுக்கா. கேட்டா ஏதாவது நெனச்சுப்பாங்களோன்னு..." என்றாள். இரண்டு பேருமாக எழுந்துபோய்க் காகிதத்தைத் திரும்பக் கேட்டோம். காகிதத்தை வாங்கிப்போனவருக்கு முகம் மாறியது. கொடுத்தார். காலவரையில்லாமல் என்ற வரிதான் அதிலும். அரைமணி நேரம் யார் யாரிடமோ பேசிவிட்டு வந்து, அதை அடித்துப் பேனாவால் "18 மாதம்" என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். ஹோர்டிங் என்பதைக் காகிதத்திலிருந்து நீக்க ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சை ஆரம்பித்ததே கையெழுத்துக்குப் பிறகு என்பதால் அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. காகிதத்தின் நகலை அவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

பணம் கட்டிச் சேர்வது

ரெஜிஸ்ட்ரேஷன், கார்டு, டெபாசிட், பெயர் எதுவானாலும் கட்டாதீர்கள். கோஆர்டினேட்டர் கமிஷன் வேலை முடிந்து வரும் பணத்திலிருந்துதான் போக வேண்டும்.

ஹோட்டல் அறையில் ஆடிஷன்

போகாதீர்கள். ஸ்டுடியோ அல்லது அலுவலகம், பகல் நேரம், கூட ஒருவர். ஏதாவது நடந்துவிட்டால், பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டத்தின்படி மாவட்ட அளவில் உள்ள புகார் குழுவுக்குப் போகலாம். நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமான சட்டம் இல்லை அது.

ஒரே தேதியை இரண்டு பேருக்குச் சொல்வது

அட்சய திருதியை நகை விளம்பரங்கள் பிப்ரவரி, மார்ச்சில் எடுப்பார்கள். தீபாவளி வேலை ஜூலை, ஆகஸ்டில். எல்லா ஆடிஷனும் அந்த வாரங்களில்தான் குவியும். "ஹோல்டு" என்று சொன்னால் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான், வேலை உறுதியாகவில்லை. அதே தேதிக்கு இன்னொருவர் கேட்டால் முதலில் கேட்டவருக்குப் போன் செய்து, "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள லாக் பண்ணுவீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். கோஆர்டினேட்டர்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்களில் இருக்கிறார்கள். மறைத்தால் மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

பில் அனுப்பாமல் காத்திருப்பது

ஷூட் முடிந்த மறுநாளே பான் எண்ணுடன் பில் அனுப்புங்கள். பணம் வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகும், பில் போகாவிட்டால் அந்தக் கணக்கே தொடங்காது. பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரி, பிடித்துவிட்டுத் தருவார்கள். அது உங்கள் பணம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.