க்வில்ட் தைக்கப் புது மிஷின் வேண்டுமா? வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் ஒரு கறுப்பு மிதி மிஷின் இருக்கும். அம்மாவுக்குச் சீராக வந்ததாக இருக்கலாம், அரசு கொடுத்த இலவச மிஷினாகவும் இருக்கலாம். அதில் ஜாக்கெட், நைட்டி தைத்துப் பழகியவர்களுக்கு அடுத்து ஒரு ஆசை வரும்: பழைய சேலைகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, க்வில்ட் தைக்க வேண்டும். உடனே புது மிஷின் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். முடிவைச் சொல்ல வேண்டியது கடைக்காரர் இல்லை, நீங்கள் தைக்கப்போகும் துணி.

1. என்ன போர்வை, எவ்வளவு தடிமன்?

நம்ம ஊர் வெயிலுக்குத் தடித்த பஞ்சு தேவையே இல்லை. பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ அப்படிப் போர்த்திக்கொள்ளும் நாட்கள் வருஷத்தில் மிகக் குறைவு. மேலே ஒட்டுத்துணி, நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலை, அடியில் இன்னொன்று என்று மூன்று அடுக்கு போதும். இதைக் கறுப்பு மிஷின் சிரமமில்லாமல் தைக்கும். செங்கோட்டை, குற்றாலம் பக்கம் சாரல் காலத்துக்கென்று பஞ்சு வைத்தாலும் மெல்லிய பருத்தி வாடிங் (பஞ்சை விரிப்பு போலச் செய்தது) போதும். நைலக்ஸ், சின்தடிக் சேலைகளைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். வழுக்கும்.

2. வீட்டு மிஷினைத் தயார் செய்யுங்கள்

ஊசித்தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையில் அடைந்திருக்கும் பஞ்சுத் தூசியை எடுங்கள். அடிநூல் இருக்கும் பாபின் கேஸைச் சுத்தம் செய்து, மிஷின் எண்ணெய் விடுங்கள் (தேங்காய் எண்ணெய் வேண்டாம், இறுகிவிடும்). பெல்ட் தொளதொளவென்று இருந்தால் மாற்றுங்கள். புது ஊசி போடுங்கள்: மூன்று சேலை அடுக்குக்கு 14-ஆம் எண், பஞ்சு வைத்தால் 16.

3. மாதிரி தையுங்கள்

தைக்கப்போகும் அதே துணிகளில் ஓரடிச் சதுரம் மூன்று அடுக்காக வெட்டி, குண்டூசி குத்தி, குறுக்கும் நெடுக்குமாக நேர்க்கோடுகள் தையுங்கள். தையல் நீளத்தைச் சற்றுப் பெரிதாக, 3 மி.மீ. அளவில் வையுங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள்.

அடியில் நூல் வளையம் வளையமாக நிற்கிறதா? பெரும்பாலும் மேல் நூலில்தான் கோளாறு. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலை மறுபடி கோத்துப் பாருங்கள். இடையிடையே தையல் விட்டுப்போகிறதா? ஊசியை மாற்றுங்கள். மேல் துணி முன்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சுருக்கம் விழுகிறதா? ஃபுட் கம்பிக்கு மேலே இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தி அழுத்தத்தைக் குறையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் வாக்கிங் ஃபுட் வாங்கலாம். அடியில் பல் இழுக்கும்போதே மேலிருந்தும் துணியை நகர்த்திக் கொடுக்கும் பாகம் அது. எல்லாக் கறுப்பு மிஷினுக்கும் பொருந்தாது என்பதால், ஊசி மாட்டும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு மாதிரி நன்றாக வந்துவிட்டால், புது மிஷினுக்கான காரணங்களில் பாதி போய்விட்டது.

4. ஊசிக்கு வலப்பக்கம் அளந்து பாருங்கள்

என்னைக் கேட்டால் மிக முக்கியமான படி இதுதான், பலர் கவனிக்காததும் இதுதான். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே உள்ள இடத்தை டேப் வைத்து அளவெடுங்கள். சாதாரண வீட்டு மிஷினில் 6, 7 அங்குலம்தான் இருக்கும். 60 அங்குல அகலப் போர்வையின் நடுக்கோட்டைத் தைக்கும்போது 30 அங்குலத் துணியைச் சுருட்டி அந்த இடைவெளிக்குள் திணிக்க வேண்டும். மூன்று சேலை அடுக்கு என்றால் சுருள் அடங்கும். தடித்த பஞ்சு என்றால் தோள் வலிக்கும், கோடு வளையும்.

இதற்கு மிஷினை மாற்றாமலே ஒரு வழி உண்டு. 15 அங்குலச் சதுரங்களாக, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தனித்தனியாகத் தைத்து முடித்து, கடைசியில் சதுரங்களை இணைப்பது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த முறையைத்தான் நான் சொல்வேன். தப்பு வந்தால் ஒரு சதுரத்தோடு போகும்.

5. அப்படியும் புதுசு வேண்டும் என்றால்

பூப்போட்ட வளைவுத் தையல் போட ஆசை, மிஷினிலோ துணியைக் கையால் இஷ்டப்படி நகர்த்துவதற்காகப் பல்லை இறக்கும் வசதி இல்லை. அல்லது பெரிய போர்வைகளை விற்பனைக்குத் தைக்கப் போகிறீர்கள். அப்போது வாங்குவது நியாயம்தான்.

பெட்டியில் குவில்டிங் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சில மாடல்களில் அதற்கென்று இருப்பது கோடு பிடிக்க உதவும் ஒரு கம்பி மட்டும்தான். எத்தனை டிசைன் தையல் என்ற கணக்கும் க்வில்டுக்கு உதவாது. பார்க்க வேண்டியவை: வலப்பக்க இடம் (9 அங்குலத்துக்கு மேல் இருந்தால் நல்லது), பல் இறங்குகிறதா, ஃபுட் உயரமாகத் தூக்குகிறதா, வாக்கிங் ஃபுட் கிடைக்கிறதா, பக்கவாட்டு மேசை உண்டா.

விற்பனைக்கு நேர்க்கோடு மட்டும் தைப்பவர்கள் டெய்லர் கடைகளில் ஓடும் பவர் மிஷினையும் யோசிக்கலாம். வலப்பக்க இடம் தாராளம், வேகமும் அதிகம். சர்வோ மோட்டார் உள்ளதாகக் கேளுங்கள், சத்தமும் கரண்டும் குறைவு. ஆனால் ஜிக்ஜாக் வராது, ஊசி வகையும் வேறு.

6. கடையில்

உங்கள் மூன்று அடுக்கு மாதிரித் துணியைக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் தரும் ஒற்றைத் துணியில் எந்த மிஷினும் அழகாகத்தான் தைக்கும். “அண்ணாச்சி, என் துணியிலயே ஒருக்கா தச்சுப் பாத்துக்கிடுதேன்” என்று தயங்காமல் கேளுங்கள். தையல்கள் சந்திக்கும் தடித்த முடிச்சில் மிஷின் திணறுகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்த கேள்வி, ரிப்பேர் எங்கே? கறுப்பு மிஷினுக்குத் திருநெல்வேலி டவுனிலும் தென்காசியிலும் பாகம் கிடைக்கும், மெக்கானிக்கும் உண்டு. கம்ப்யூட்டர் மிஷினின் போர்டு போனால் உள்ளூரிலேயே பார்ப்பார்களா, வெளியூருக்கு அனுப்புவார்களா, எத்தனை நாள் ஆகும் என்று பணம் கட்டும் முன் கேட்டு, உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லிப் பழைய மிஷினைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் சதுரங்களை இணைக்க அது வேண்டும்.

வீட்டில் மிஷினே இல்லாதவர்களுக்கு ஒரு தகவல்: தையல் தெரிந்த, கணவரை இழந்த பெண்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழ்நாடு அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் தகுதி விவரங்களைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.