யூ இல்லாமல் க்யூவை ஆடுவது எப்படி? ஸ்கிராபல் பழகுவோருக்கான சிறு சொற்கள்

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொற்கள் அமைக்கும் ஆட்டம் ஸ்கிராபல். ஆங்கில ஸ்கிராபலின் 100 கட்டைகளில் க்யூ ஒன்றே ஒன்றுதான். அதன் மதிப்பு 10 புள்ளிகள். ஆயினும் அது கைக்கு வந்தவுடன், மொத்தம் நான்கே உள்ள யூ கட்டைகளில் ஒன்று வந்து சேருமா என்று காத்திருந்து, தொடக்க ஆட்டக்காரர்கள் பல சுற்றுகளை வீணாக்கிவிடுகிறார்கள். க்யூவுக்கு அடுத்து யூ வராத சொற்களும் அகராதியில் உள்ளன. அவற்றுள் பலவற்றை மலாய் அறிந்த மலேசியத் தமிழர்கள் உருப்போட வேண்டிய தேவையே இல்லை. இங்கே ‘டீ’ என்று எழுதுவது ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்தையும், ‘டி’ என்று எழுதுவது நான்காம் எழுத்தையும் குறிக்கும்.

படி 1: அகராதியை முடிவு செய்யுங்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே ஆங்கிலப் போட்டிகளில் பெரும்பாலும் கொலின்ஸ் என்ற சொற்பட்டியலே பின்பற்றப்படுகிறது. வீட்டில் ஆடும்போதும் இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. பாதி ஆட்டத்தில் எழும் சொற்சண்டையைத் தீர்த்து வைக்க யாராலும் முடியாது.

படி 2: இரண்டெழுத்துச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்துகளால் ஆன சொல்லைச் ‘சீ’ என்று ஒலிக்க வேண்டும். உடலில் ஓடுவதாகச் சீன மருத்துவம் கூறும் உயிராற்றலை அது குறிக்கிறது. பினாங்கில் தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்காவில், காலை வேளையில் சீன முதியவர்கள் கைகளை மெல்ல உயர்த்தித் தாழ்த்திச் செய்யும் சீகோங் பயிற்சியின் பெயரில் முதற்பாதி இதுவே. க்யூ, ஐ, ஜி, ஓ, என், ஜி என்று அந்தப் பயிற்சியின் பெயரையும் ஆடலாம். ஆனால் ஆட்டத்தை மாற்றும் சொல் இரண்டெழுத்துச் சொல்தான் என்பதால், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதையே வையுங்கள்.

படி 3: உங்களுக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டையின் அடியிலிருந்து எழும் ‘காஃப்’ என்ற அரபு எழுத்தை ஆங்கிலத்தில் க்யூ என்று எழுதும் வழக்கம் உண்டு. மலாய் அதையே சாதாரண கே எழுத்தாக்கிக்கொண்டது. எனவே அரபிலிருந்து மலாய்க்கு வந்த சொல்லில் கே இருந்தால், அங்கே க்யூவைப் பொருத்திப் பாருங்கள். திருமணம் நடத்தி வைக்கும் காடி, க்யூ, ஏ, டி, ஐ ஆகிறார். ஆங்கிலத்தில் இது இஸ்லாமிய நீதிபதியைக் குறிக்கும். மணமுறிவைக் குறிக்கும் தலாக், டீ, ஏ, எல், ஏ, க்யூ ஆகிறது. ஹோட்டல் அறைகளின் மேற்கூரையில் ஒட்டியிருக்கும் அம்புக்குறிக்கு அருகே ‘கிப்லாட்’ என்று படித்திருப்பீர்கள். தொழுகைத் திசையைச் சொல்லும் அந்தச் சொல் ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை இழந்து க்யூ, ஐ, பி, எல், ஏ (இங்கே ‘பி’ ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து) என்று நிற்கிறது. எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர் என்பவர் நம் பக்கீர்தான். அறநிலையமாக விடப்பட்ட சொத்தைக் குறிக்கும் வக்பு, டபிள்யூ, ஏ, க்யூ, எஃப் என்ற நான்கே எழுத்துகளில் 19 புள்ளிகள் தருகிறது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றி நடப்பவர்களுக்கு அந்தச் சொல் புதிதாக இருக்காது.

காடியின் நான்கு எழுத்துகளையே இடம் மாற்றி க்யூ, ஏ, ஐ, டி என்று அடுக்கினால், தலைவர் என்ற பொருளில் இன்னொரு சொல் கிடைக்கும். காயிதே மில்லத் என்ற பட்டத்தில் உள்ள ‘காயித்’ இதுவே. ஒரே கட்டைகளால் இரண்டு சொற்கள் அமைவது, பலகையில் இடம் குறுகும்போது பெரிதும் உதவும்.

படி 4: இந்த வழி எங்கே தவறும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். அரபில் இன்னொரு ககர எழுத்தும் உண்டு; ‘கித்தாப்’ போன்ற சொற்களில் அதுவே வருவதால் அங்கே க்யூ பொருந்தாது. மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி படிக்கத் தெரிந்தவர்கள் மேலே இரண்டு புள்ளிகள் உள்ள ககர எழுத்தைத் தேடலாம். ஆனால் ‘அனாக்’ போன்ற தூய மலாய்ச் சொற்களின் இறுதியிலும் அதே எழுத்தை எழுதுவதால், சொல்லின் கடைசியில் இந்தச் சோதனை ஏமாற்றும். நாம் உண்ணும் குருமாவை க்யூ, ஓ, ஆர், எம், ஏ என்று எழுதலாம். பேரீச்சம்பழத்தைக் குறிக்கும் மலாய்க் கூர்மா வேறு மூலத்திலிருந்து வந்தது. ஐயம் இருந்தால் அகராதியைப் பார்ப்பதே சரி.

மூன்றெழுத்தில் க்யூ, ஏ, டீ என்பது ஏமன் நாட்டில் மென்று சுவைக்கும் ஓர் இலை. எஸ், யூ, க்யூ என்பது அரபு நாட்டுச் சந்தை.

படி 5: பலகையில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டம் ஒன்று காலியாக இருந்து, அதன் வலப்பக்கம் ஓர் ஐயும் கீழே ஓர் ஐயும் ஏற்கெனவே அமைந்து, இரண்டுக்கும் அப்பால் வேறு எழுத்து இல்லையென்றால், அங்கே க்யூவை மட்டும் வையுங்கள். குறுக்கே ஒரு சொல், நெடுக்கே ஒரு சொல் என்று இரண்டு உருவாகும். ஒவ்வொன்றும் 30 கூட்டல் 1, ஆக 31. மொத்தம் 62 புள்ளிகள், ஒரே கட்டையால். அப்படிப்பட்ட வாய்ப்பு அடிக்கடி அமையாது என்றாலும், அது எதிராளிக்கும் திறந்திருக்கும் என்பதால், க்யூ இன்னும் வெளிவராதபோது இத்தகைய கட்டத்தின் அருகே ஐ வைப்பதற்கு முன் சற்று யோசியுங்கள். சொல்லை நீட்ட எஸ் போதும்: சீ, காடி, பக்கீர் ஆகிய மூன்றுமே அதை ஏற்கும்.

படி 6: வழியில்லாவிட்டால் க்யூவைப் பையிலுள்ள வேறு கட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பையில் குறைந்தது ஏழு கட்டைகள் இருந்தால்தான் மாற்ற முடியும். மாற்றினால் அந்தச் சுற்றை இழப்பீர்கள். ஆனால் எதிராளி கட்டைகளை எல்லாம் தீர்த்து ஆட்டத்தை முடிக்கும்போது க்யூ உங்கள் கையில் தங்கியிருந்தால், உங்கள் கணக்கில் 10 குறைந்து அவர் கணக்கில் 10 ஏறும். ஆகவே பையைக் கையால் தொட்டுப் பார்த்து, இன்னும் எத்தனை கட்டைகள் மிச்சம் என்பதை ஆட்டத்தின் நடுப்பகுதியிலிருந்தே கவனித்து வாருங்கள்.