கையில் மேஜிக்பேண்ட் இருக்கிறது, க்யூவில் ஏன் நிற்கிறோம்?

2018-ல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்ட் போய் வந்த சொந்தக்காரர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். "ஹோட்டல்லயே கைக்கு ஒரு பட்டை குடுத்துடுவாங்க, மூணு ரைடு ஃப்ரீயா முன்னாடியே போட்டு வச்சுக்கலாம், ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்பார். அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. இன்று அதை நம்பிப் போனால், பட்டையும் கிடைக்காது, மூன்று ரைடும் கிடைக்காது.

வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நீண்ட க்யூவைத் தவிர்க்க உதவும் ஃபாஸ்ட்பாஸ் 1999-ல் வந்தபோது அது காகிதச் சீட்டு. ரைடு வாசலில் இருக்கும் இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகினால், எப்போது திரும்பி வர வேண்டும் என்று ஒரு மணி நேர அவகாசத்தை அச்சிட்டுக் கொடுக்கும். 2013-ல் கையில் கட்டும் மேஜிக்பேண்ட் பட்டை அறிமுகமானது. காகிதம் போய், போனிலேயே முன்பதிவு செய்யும் ஃபாஸ்ட்பாஸ் ப்ளஸ் வந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகப் பூங்காக்களை மூடியபோது நின்ற அந்த இலவச ஏற்பாடு, பிறகு திரும்பவே இல்லை. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குச் சும்மா கொடுத்த பேண்டும் 2021 தொடக்கத்தில் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், க்யூவைத் தவிர்க்கும் வசதிக்கு ஜீனி ப்ளஸ் என்று காசு வாங்க ஆரம்பித்தார்கள். 2024 ஜூலை 24 முதல் அதற்குப் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ். ஆகவே ஒரு வீடியோவையோ, மாமா சொன்ன யோசனையையோ எடுத்துக்கொள்ளும் முன் அது எந்த வருடத்தது என்று பாருங்கள். "ஃபாஸ்ட்பாஸ்" என்ற சொல் வந்தாலே அடுத்ததற்குப் போய்விடலாம்.

இப்போது எல்லாரும் செய்கிற பெரிய தவறுக்கு வருவோம். பேண்ட் வாங்கிவிட்டால் க்யூவைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பது. பேண்டின் புது வடிவமான மேஜிக்பேண்ட் ப்ளஸ் 2022-ல் வந்தபோதே 35 டாலருக்கு ஒரு சென்ட்தான் குறைவு. நாலு பேருக்கு வாங்கினால் கணிசமான தொகை. அவ்வளவு கொடுத்து வாங்கியும் அது ஒரு சாவி மட்டும்தான். அதற்குள் உங்கள் பெயர் இல்லை, டிக்கெட் இல்லை, ஸ்லாட் (ரைடுக்குப் பதிவான நேரம்) இல்லை. ஒரு குறியீட்டு எண் இருக்கிறது, அவ்வளவுதான். வாசலில் இருக்கும் ரீடர் கருவி அந்த எண்ணைப் படித்து, "இது யாருடையது, இந்த நேரத்துக்கு இந்த ரைடில் இவருக்குப் பதிவு உண்டா" என்று சர்வரைக் கேட்கிறது. பதிவு உங்கள் டிஸ்னி கணக்கில் இருக்கிறது. கணக்கில் இல்லாதது கையில் இருந்து பயனில்லை.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்த தவறு தானாகத் தெரியும்: ஒருவர் பேண்டை இன்னொருவர் கட்டிக்கொள்வது. காட்சி இப்படி இருக்கும். பத்து வயது அண்ணன், ஏழு வயது தங்கை. காலையில் ஹோட்டல் அறையில் "எனக்குப் பச்சைதான் வேணும்" என்று சண்டை. அம்மாவுக்கு நேரமாகிறது, மாற்றிக் கட்டி விடுகிறார். பூங்கா வாசலில் மிக்கி காது வடிவ ரீடரில் தட்டி, விரலையும் வைக்க வேண்டும். மூன்று வயது முதல் எல்லாருக்கும் இது உண்டு. முதல் நாள் என்றால் பாப்பாவின் விரல் அண்ணன் டிக்கெட்டோடு பதிவாகிவிடும். மறுநாள் சரியான பேண்டைக் கட்டி வந்தாலும் ஒத்துப்போகாது. முதல் நாள் எப்படியோ உள்ளே போய்விட்டார்கள் என்று வையுங்கள். பாப்பாவுக்கு 44 அங்குல உயரம் இல்லை என்பதால் அண்ணனுக்கு மட்டும் ஸ்பேஸ் மௌண்டன் ரைடுக்குப் பதிவு. அவன் தட்டுகிறான். பச்சை விளக்கு வர வேண்டிய இடத்தில் நீலம். நீலம் என்றால் ஊழியர் வந்து பார்க்கப் போகிறார் என்று அர்த்தம். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஊழியர்கள் பெரும்பாலும் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள், அதில் பயமில்லை. ஆனால் இதைத் தவிர்ப்பது சுலபம். பேண்டின் உட்பக்கம் இருக்கும் எண்ணை டிஸ்னி ஆப்பில் அந்தந்தப் பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, உள்பக்கம் அழியாத மையில் முதல் எழுத்தை எழுதிவிடுங்கள். பள்ளிக்கூட டிபன் பாக்ஸில் பெயர் எழுதிய நமக்கு இது புதிதில்லை.

ரீடரில் தடுமாற இன்னொரு அற்பக் காரணமும் உண்டு: தட்டும் விதம். வாட்ச் காட்டுவது போலப் பட்டையின் பக்கவாட்டைக் காட்டினால் ரீடர் படிக்காது. பேண்டில் இருக்கும் மிக்கி, கம்பத்தில் இருக்கும் மிக்கியைத் தொட வேண்டும். தொட்டு ஒரு நொடி வையுங்கள், இழுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, பதிவு செய்யும் நேரம். இதில்தான் புத்திசாலிகளே கோட்டை விடுகிறார்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் வந்து இறங்கும் நாளுக்கு 7 நாள் முன்பே, தங்கும் நாட்கள் மொத்தத்துக்கும் ரைடுகளைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்கள் பூங்காவுக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் 3 நாள் முன்பு. இதில் "டிஸ்னிக்குப் பத்து நிமிடத்தில்" என்று போட்டிருக்கும் கிஸ்ஸிமி பக்கத்து வாடகை வீடுகள் மற்றவர்கள் கணக்கில்தான் வரும். நம் ஆட்கள் சமையலறை வேண்டும் என்பதற்காக அங்கேதான் எடுப்போம். அதில் தப்பில்லை, ஆனால் 7 நாள் முன்பே கிடைக்கும் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள்.

இரண்டு வகைக்கும் கதவு திறப்பது காலை 7 மணி. எந்த ஊர் 7 மணி? ஃபுளோரிடா 7 மணி. டாலஸில் அது காலை 6, சான் ஹோசேயில் விடிகாலை 4. இந்தியாவிலிருந்து கிளம்பி வரும் தம்பி குடும்பத்துக்குத்தான் இதில் யோகம்: அமெரிக்காவின் கோடை நேரக் கணக்கில் மாலை 4:30, குளிர்காலத்தில் 5:30. டீ குடித்துக்கொண்டே போடலாம். பொறுப்பை அவரிடம் விடுவதானால், எல்லாருடைய டிக்கெட்டும் ஒரே கணக்கில், குடும்பம்–நண்பர்கள் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவின் டிக்கெட்டைத் தனியாக வாங்கி, இணைக்க மறந்துவிட்டு, ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பட்டியலில் அவர்கள் பெயரே இருக்காது. முந்தின இரவே சரிபாருங்கள். கிரெடிட் கார்டையும் அப்போதே ஏற்றி வையுங்கள்.

மல்டி பாஸில் முதலில் மூன்று ரைடு எடுக்கலாம். டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் அனிமல் கிங்டம் தவிர மற்ற மூன்றிலும் ரைடுகளை இரண்டு அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள்: கிராக்கி அதிகமுள்ளதில் ஒன்று, மற்றதில் இரண்டு. இங்கே நம் கை தானாகச் செய்வது என்னவென்றால், நாள் முழுவதையும் அழகாகப் பங்கு போடுவது. மதியம் 2 மணிக்கு ஒன்று, 4-க்கு ஒன்று, 6-க்கு ஒன்று. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் விதி இது: மூன்றில் ஒன்றில் தட்டி உள்ளே போன பிறகுதான் நாலாவதை எடுக்கலாம். அதாவது இந்தக் குடும்பம் 2 மணி வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இதே மூன்றை 9:30, 10:30, 11:30 என்று போட்டவர் கதையைப் பாருங்கள். 9:35-க்கு முதல் ரைடில் தட்டுகிறார். உள்ளே நடந்துகொண்டே போனை எடுத்து நாலாவதைப் போடுகிறார். அதற்கு அடுக்குக் கட்டுப்பாடும் கிடையாது. காலியாக இருக்கும் எதையும் எடுக்கலாம். 10:35-க்கு ஐந்தாவது. மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு குடும்பங்களுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், இத்தனைக்கும் கொடுத்த காசு ஒன்றுதான். முன்பதிவில் காலை நேரம் கிடைக்கவில்லையா, எடுத்ததை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள். அடிக்கடி விடுபட்ட ஸ்லாட்டுகள் வந்து போகும். ஒரே ரைடை ஒரே நாளில் இரண்டாம் முறை மல்டி பாஸில் எடுக்க முடியாது என்பதையும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மல்டி பாஸ் வாங்கினால் எல்லா ரைடும் அதில் அடங்கும் என்று நினைப்பது அடுத்தது. அடங்காது. மேஜிக் கிங்டமில் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் போன்றவற்றைச் சிங்கிள் பாஸ் என்று தனி விலைக்கு விற்றார்கள். விலையும் பட்டியலும் மாறும், நாளுக்கு நாள், பூங்காவுக்குப் பூங்கா. போகும் வாரத்தில் ஆப் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம்.

அப்புறம், தலைக்கு ஒன்று என்று எல்லாருக்கும் வாங்குவது. கூட்டமான நாளில் மேஜிக் கிங்டம் மல்டி பாஸ் ஒருவருக்கு 30 டாலரைத் தாண்டும். ரோலர் கோஸ்டரைப் பார்த்தாலே தலை சுற்றும் என்கிற அம்மாவுக்கு எதற்கு? மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட்டே தேவையில்லை. உயரம் போதாத குழந்தை வெளியே நிற்க, அப்பா ஒரு தடவையும் அம்மா ஒரு தடவையும் மாறி மாறிப் போக ரைடர் ஸ்விட்ச் என்று ஒரு வசதி உண்டு, அதற்கும் காசில்லை. பாட்டி கூட இருந்தால் அதுவும் வேண்டாம். பேரனைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போய் வரலாம். பல வருடங்களில் கிடைக்காத இருபது நிமிடம் அது.

ஒரு மணி நேர அவகாசத்தை ரயில் நேரம் மாதிரிப் பாருங்கள். ஐந்து நிமிடம் முன்போ, பதினைந்து நிமிடம் பின்போ ரீடர் விட்டுக்கொடுப்பது பழக்கத்தில் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. உங்கள் நேரத்தில் ரைடே பழுதாகி நின்றுவிட்டால் பதற வேண்டாம். அந்தப் பதிவு, அன்றைக்கே வேறு சில ரைடுகளில் எந்த நேரத்திலும் பயன்படுத்தும் பாஸாகத் தானாக மாறிவிடும். வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதற்குள் ஆப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

மேஜிக்பேண்ட் ப்ளஸுக்குத் தினம் சார்ஜ் போட வேண்டும். மறந்தால் விளக்கும் அதிர்வும்தான் போகும். தட்டும் வேலைக்கு மின்கலம் தேவையில்லை. உண்மையில் கவலைப்பட வேண்டியது போன் சார்ஜைப் பற்றி. டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் பேண்டைத் தட்டி அறைக் கணக்கில் பொருள் வாங்கலாம், ரகசிய எண் (PIN) போட வேண்டும். அந்த வசதியைப் பிள்ளைகளின் பேண்டில் மட்டும் நிறுத்தி வைக்கலாம். பொம்மைக் கடையைப் பார்த்த பிறகு நிறுத்துவதைவிட அதற்கு முன்பே நிறுத்துவது நல்லது.

இதுவரை சொன்னது ஃபுளோரிடாவுக்கு. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் அதே பெயர், வேறு விதி: பூங்காவுக்குள் நுழைந்த பிறகுதான் அன்றைய ரைடுகளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பிக்கலாம். ஆர்லாண்டோவிலேயே யுனிவர்சல் பூங்காக்களில் மேஜிக்பேண்ட் ஒரு கண்ணாடி வளையல்தான். அங்கே எக்ஸ்பிரஸ் பாஸ், ஸ்லாட் நேரமே கிடையாது. குறிப்பிட்ட உயர்தர ஹோட்டல்களில் தங்கினால் அது சும்மாவே கிடைக்கும், ஆனால் 2025-ல் திறந்த எபிக் யூனிவர்ஸுக்கு அந்தச் சலுகை இல்லாமல்தான் திறந்தார்கள். ஹோட்டலுக்கு அதிகம் கொடுத்துவிட்டு வாசலில் போய்த் தெரிந்துகொள்ளாதீர்கள்.

கடைசி நாள் தவறு ஒன்று பாக்கி இருக்கிறது. காலையில் அறையைக் காலி செய்துவிட்டு, "இனி அறைக்கு வர மாட்டோமே" என்று பேண்டுகளைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போய்விடுவார்கள். அறைச் சாவியாக அது வேலை செய்யாதே தவிர, அன்றைய டிக்கெட்டும் ஸ்லாட்டும் அதில் அப்படியே திறக்கும். வாசலில் நின்று வெறும் மணிக்கட்டைப் பார்த்துத் திரும்பி ஓட வேண்டாம். அதே கணக்கைப் போனில் மேஜிக்மொபைல் பாஸாக எடுத்து ரீடரில் காட்டினால் உள்ளே விடுவார்கள்.